நாவலுக்குள் தொலைந்துபோகும் சுகம்: விட்டுப்போன பழக்கத்தை மீட்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கும் 44 வயதுச் சகோதரி கேட்கிறார்: "ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு நாவல் கையில் கிடைத்தால் சாப்பாடு மறந்துபோகும். இப்போது தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு. லீவு நாளில் ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை, கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. அந்தச் சுகம் திரும்ப வருமா? பத்து வயது மகனுக்கும் அதைக் காட்ட முடியுமா?"

வரும். வயதாகிவிட்டது, கைப்பேசியால் மூளை கெட்டுவிட்டது என்றெல்லாம் மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள். கதைக்குள் நுழைவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை நீங்கள் இப்போது மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். எந்த நாவலிலும் முதல் பதினைந்து, இருபது நிமிடம் வேலைதான். யார் யாருக்கு என்ன உறவு, இது எந்தக் காலம், எந்த ஊர், கதையைச் சொல்வது யார் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரிய சுகம் எதுவும் கிடைக்காது. அடுக்கி முடித்த பிறகுதான் எழுத்து கண்ணில் படுவது நின்று, ஆட்களும் இடமும் மட்டும் தெரிய ஆரம்பிக்கும். நடுவில் எழுந்து வெளியே வந்தால் அடுக்கியதில் பாதி சரிந்துவிடும், திரும்பி வந்ததும் மறுபடி அடுக்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை விலை கொடுத்து நான்கு மணி நேரம் உள்ளேயே இருந்தீர்கள். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறீர்கள். உழைப்பு மட்டும் உங்களுக்கு, சுகம் வருவதற்குள் வெளியே வந்துவிடுகிறீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த விலையைக் குறைப்பதற்கும், இரண்டாவது தடவை கட்டாமல் இருப்பதற்கும்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், இன்பத்துக்காகப் படிப்பவர்களை வைத்து நீண்ட ஆய்வு செய்து 1988இல் அதை நூலாக்கினார். அவர் கண்டது பலருக்கு ஆச்சரியம் தரும்: கதையில் மூழ்கியவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களை வேகமாகப் படிக்கவில்லை, மெதுவாகத்தான் படித்தார்கள். ருசிக்கும் இடத்தில் வேகம் தானாகக் குறைகிறது. இன்னொன்று, படிக்கும்போது உடல் தளர்ந்து கிடப்பதில்லை, விழிப்போடுதான் இருக்கிறது. புத்தகத்தை மூடிய பிறகே அது சட்டென்று தளர்கிறது. இரவில் ஒரு அத்தியாயம் படித்து மூடியதும் நல்ல தூக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2000இல் மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இருவர், கதைக்குள் போய்விடும் நிலையை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். கவனம், மனக்காட்சி, உணர்ச்சி மூன்றும் ஒரே கதையின் பக்கம் திரும்பும்போதுதான் அந்த நிலை வருகிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆகவே இன்றைக்கு 50 பக்கம், மாதம் நான்கு புத்தகம் என்ற கணக்கை முதலில் விடுங்கள். பக்கத்தை எண்ண ஆரம்பித்தால் ருசிக்கும் இடத்தில்கூட மனம் ஓடப் பார்க்கும். ஓடினால் மனக்காட்சி உருவாக நேரம் இருக்காது, கதை வெறும் தகவலாகப் போய்விடும்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். 44 வயது என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர் படிப்பதில் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகி, பக்கத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. 40க்கும் 45க்கும் இடையில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரிய ஆரம்பிக்கும். அறிகுறிகள் இவை: புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடிப்பது, ஒரே வரியை இரண்டு தடவை படிப்பது, இருபது நிமிடத்தில் நெற்றிப் பக்கம் வலிப்பது, காலையில் தெரிகிற எழுத்து சாயங்காலம் கலங்குவது. தமிழ் எழுத்தில் இது இன்னும் சீக்கிரம் உறைக்கும். மலிவு விலைப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், மெய்யெழுத்தின் புள்ளி தூசி அளவுதான். கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுமாறினால் மனம் கதைக்கு எப்போது போகும்?

நாற்பதின் நடுப்பகுதியில் சாதாரணமாக +1.00 முதல் +1.50 வரை தேவைப்படும். மருந்துக்கடையில் தொங்கும் தயார்க் கண்ணாடிகளில் இரண்டு பக்கமும் ஒரே எண்தான். உங்கள் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால் அது போதும், இல்லாவிட்டால் தலைவலிதான் மிச்சம். முதல் தடவையாவது முறையாகச் சோதித்து எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது நீங்கள் படிக்கும் புத்தகத்தையே கையோடு கொண்டுபோய், வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில், சுமார் 40 சென்டிமீட்டரில், பிடித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு எச்சரிக்கை: இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். புதிதாக மருந்து தொடங்கிய சில வாரங்களில் கண்ணாடி போட்டால், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அது ஒத்துவராமல் போகும். அளவு நிலைப்பட்ட பிறகு சோதிப்பது நல்லது. விழித்திரைப் பரிசோதனையையும் வருஷத்துக்கு ஒரு முறை தவறவிடக் கூடாது.

விளக்கும் கண்ணைச் சேர்ந்ததுதான். தாமான் வீடுகளில் கூடத்தின் நடுவில் ஒரு விளக்கு இருக்கும், சுவரோரம் உட்கார்ந்தால் நம் தலையின் நிழல் பக்கத்தின் மேல் விழும். அதைவிட மோசமானது, விளக்குக்குக் கீழே காற்றாடி சுற்றுவது. இறக்கையின் நிழல் பக்கத்தின் மேல் விடாமல் ஓடும். பலருக்கு அது தெரிவதே இல்லை, ஆனால் கண் களைத்துவிடும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று, மஞ்சள் சாயலுள்ளதாக, ஒரு சாதாரண மேசை விளக்கில் மாட்டி, இடது தோளுக்குப் பின்னால் வையுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது பக்கம். மழைவிட்ட இரவில் ஈசல் வந்து மொய்க்கும், அன்றைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது, எந்தப் புத்தகம். இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். பல வருஷ இடைவெளிக்குப் பிறகு, விருது வாங்கிய கனமான நாவலில் கைவைத்து, முப்பதாவது பக்கத்தில் மூச்சு வாங்கி, நமக்கு இனிமேல் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் மூன்று புத்தகங்கள் நுழைவு விலை குறைந்தவையாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தை விட்டு, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். 200 சொல் அளவுக்குள் அர்த்தம் தெரியாத சொல் நான்குக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இந்த அளவு சும்மா சொன்னதில்லை. துணையில்லாமல் ஒரு கதையைச் சரளமாகப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலம் படிக்கும் மாணவர்களை வைத்து 2000இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பால் நேஷன் என்ற மொழியறிஞர் அதைச் செய்த இருவரில் ஒருவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்பவும் உதவும். தமிழறிவு போய்விட்டதாக அவர்கள் வெட்கப்படவே வேண்டாம். இரண்டு மூன்று புத்தகத்தில் சொற்கள் தாமாகத் திரும்பி வரும்.

நுழைவு விலையைக் குறைப்பதில் ஓர் எழுத்தாளரின் கைத்திறன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, நம் எல்லோருக்கும் தெரிந்த பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பாகம், ஏராளமான பாத்திரங்கள், சோழர் அரசியல் முழுதும் உள்ளே இருக்கிறது. இருந்தும் பள்ளிப் பிள்ளைகள்கூட அதில் விழுந்துவிடுகிறார்கள். காரணத்தை முதல் அத்தியாயத்திலேயே பார்க்கலாம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் தனியாக வருகிறான். அவனுக்கும் அந்தச் சோழநாட்டில் யாரையும் அவ்வளவாகத் தெரியாது. அவன் ஒவ்வொருவராகச் சந்திக்கச் சந்திக்க, நாமும் அவனோடு சேர்ந்தே தெரிந்துகொள்கிறோம். பெயர்ப் பட்டியலை நம் தலையில் யாரும் கொட்டுவதில்லை. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் அடுத்ததைத் தேட வைத்து முடியும். நீங்கள் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதும் இதைப் பாருங்கள்: கதை ஒருவர் கண் வழியாகத் தொடங்குகிறதா, அத்தியாயம் பத்துப் பதினைந்து பக்கத்துக்குள் முடிகிறதா, முதல் அத்தியாயத்திலேயே எட்டுப் பெயர் வந்து குழப்பாமல் இருக்கிறதா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் நாட்டு எழுத்தாளர்கள் தோட்டத்தைக் களமாக வைத்து எழுதிய நாவல்களில் தொடங்குங்கள். பிரட்டுக்களம், மங்கு, ஒட்டுப்பால், காண்டாக்கம்பு, கிராணி வீடு என்று தோட்டத்துச் சொற்கள் வரும்போது உங்களுக்கு எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இடம் ஏற்கனவே மனத்தில் நிற்கிறது, ஆட்கள் மட்டும் வந்தால் போதும். அதனால் ஐந்து நிமிடத்திலேயே உள்ளே போய்விடலாம். உலகத்து நாவல்களை எல்லாம் படித்த பிறகுதான் மலேசிய நாவல் என்று வைத்திருப்பவர்கள் இந்தச் சலுகையை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து.

பாத்திரங்கள் நிறைய உள்ள நாவலானால் ஒரு துண்டுத்தாளைப் புத்தக அடையாளமாக வைத்து, அதிலேயே பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். பெயர், யாருக்கு என்ன முறை, ஓர் அடையாளம், அவ்வளவு போதும்: "முத்தம்மா - கங்காணி கொழுந்தியா - ஒரு கண் மங்கல்" என்கிற மாதிரி. கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், அது பரீட்சை ஆகிவிடும். ஆறேழு பெயருக்கு மேல் அந்தத் தாளே தேவைப்படாது, அதற்குள் ஆட்கள் பழகியிருப்பார்கள். பெயர் மறந்து முன்பக்கங்களைப் புரட்டித் தேடும்போதுதான் பலரும் கதையைவிட்டு வெளியே விழுகிறார்கள்.

நேரத்தைப் பற்றி. தினமும் பத்து நிமிடம் படி என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாடப்புத்தகத்துக்கு அது சரி, உங்களுக்குச் சரிப்படாது. நுழையவே பதினைந்து நிமிடம் ஆகும் காரியத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் தினமும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், என்று வையுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பிடித்தாலும் இருபது பக்கத்துக்கு மேல் போகும், கதை நகர்ந்ததும் தெரியும். பழகிய புத்தகத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் அப்புறம் பத்து நிமிடம்கூடப் பயன்படும், ஏனென்றால் அதற்குள் உலகம் கட்டி முடிந்திருக்கும்.

ஷிப்டு வேலையில் எந்த 45 நிமிடம் என்பதுதான் கேள்வி. இரவு ஷிப்டு முடித்து வந்த காலையில் படிக்கவே வேண்டாம், தூங்குங்கள். களைத்த கண் வரியில் முன்னே போவதைவிடப் பின்னே வருவதே அதிகமாக இருக்கும். லீவு இரண்டு நாள் சேர்ந்து வந்தால் முதல் நாள் துணி, சந்தை, சமையல் என்று போய்விடும். இரண்டாவது நாள் காலைதான் நல்லது. தோட்டத்து வாழ்க்கை கொடுத்த பழக்கத்தில் இன்னும் ஐந்து மணிக்கு விழிப்பு வருகிறது என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. வீடு எழுந்து பசியாற உட்காருவதற்குள் ஒன்றரை மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். சாயங்காலம் ஆறரை முதல் ஒன்பதரை வரை முயற்சியே செய்யாதீர்கள். விளக்கேற்றுவது, சமையல், பக்கத்து வீட்டுச் சீரியல், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்தான். மதியம் மழை பிடித்துக்கொண்டு கூரையில் அடித்துப் பெய்கிற நேரம் நல்ல நேரம். ஒரே சீரான சத்தம் மற்ற சத்தங்களை எல்லாம் மூடிவிடும்.

தொழிற்சாலை பஸ்ஸில் படிக்கப் பார்த்து வாந்தி வந்தவர்கள் நிறைய. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல். பஸ்ஸில் கேட்பதுதான் சரி. தமிழில் ஒலிநூல்கள் இப்போது நன்றாகவே கிடைக்கின்றன. அதே புத்தகத்தைப் பஸ்ஸில் கேட்டு, வீட்டில் விட்ட இடத்திலிருந்து படிப்பதும் நல்ல வழிதான், ஆட்கள் மனத்தை விட்டு விலக மாட்டார்கள்.

கைப்பேசியை எதிர்த்துப் போராட வேண்டாம், அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கவிழ்த்துப் பக்கத்திலேயே வைப்பதில் பலனில்லை, கை எட்டும் தூரத்தில் இருக்கும் வரை அதைப் பார்க்காமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடும். அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது அல்லவா, அதற்கு வழி இருக்கிறது: அமைதி நிலையில் போட்டு, அம்மா, கணவர், பள்ளிக்கூடம் என மூன்று நான்கு எண்களிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். இப்போதைய கைப்பேசிகளில் அந்த வசதி உண்டு. நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். சொல்லுக்கு அர்த்தம் தேட என்று கைப்பேசியை எடுக்காதீர்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள், படித்து முடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். பாதிக்கு அதற்குள் அர்த்தம் தெரிந்துபோயிருக்கும்.

வீட்டாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணைச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நம் வீடுகளில் நினைப்பார்கள், உடனே ஒரு வேலை வரும். "ஏழரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, அதுக்கப்புறம் எதுவா இருந்தாலும் செய்றேன்" என்று முடியும் நேரத்தைச் சொல்லிவிட்டால் பெரியவர்களும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். எப்போது முடியும் என்று தெரியாததால்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார்கள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அத்தியாயம் முடிந்த இடத்தில் நிறுத்துவது நல்லது என்று தோன்றும். மறுநாள் திறந்தால் அங்கே புது இடம், புது ஆள், மறுபடி முழு விலை. ஒரு காட்சியின் நடுவில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டியிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது ஒரு பக்கம் பின்னால் போய் அங்கிருந்து படித்து வாருங்கள். அந்த ஒரு பக்கம் உங்களைக் கைபிடித்து உள்ளே கொண்டுபோய்விடும். மூன்று நான்கு நாள் இடைவெளி விழுந்திருந்தால் ஓர் அத்தியாயம் முழுவதும் பின்னால் போவதில் தவறே இல்லை.

50 பக்கம் ஆன பிறகும் உள்ளே போக முடியவில்லை என்றால்? முதலில் அன்றைய நாளைச் சந்தேகியுங்கள், களைப்பா, கண்ணா, சத்தமா என்று. வேறொரு நல்ல நாளில் இன்னொரு தடவை. அப்போதும் முடியாவிட்டால் கூச்சப்படாமல் மூடி வைத்துவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று பிடித்துவைத்துக்கொள்வதால் கெடுவது அடுத்த புத்தகம்தான், அது அலமாரியிலேயே கிடக்கும். விட்ட புத்தகம் ஐந்து வருஷம் கழித்துப் பிடித்துப்போவதும் உண்டு.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது, லீவு நாளில் போய் உறுப்பினராகிவிடுங்கள், பையனையும் சேர்த்து. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் அச்சாகும் நூல்களில் ஐந்து பிரதிகளைப் பதிப்பாளர் கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே கடையில் கிடைக்காத பழைய மலேசியத் தமிழ் நாவலைத் தேடினால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதலே இந்திய ஆய்வியல் துறை இருப்பதால் அந்த நூலகத்திலும் தமிழ்த் தொகுப்பு உண்டு. இணையத்தில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் நாவலைக் கைப்பேசித் திரையில் பிடிஎஃப்பாகப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும் கோப்பாக இருந்தால் சரி. விலை கொடுத்து வாங்கினால் ரசீதை ஏழு வருஷம் வைத்திருங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரையிலான கழிவில் புத்தகமும் அடங்கும்.

தோட்டத்துப் படிப்பகங்களிலிருந்தும் மணிமன்றங்கள் என்ற தமிழ் இளைஞர் மன்றங்களிலிருந்தும் வந்த பழைய புத்தகங்கள் சில வீடுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். அவற்றில் அருமையானவை இருக்கும், ஆனால் அப்படியே மடியில் வைத்துப் படித்தால் தும்மலும் அரிப்பும் கதையைக் கெடுத்துவிடும். பூஞ்சை இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியில் வைத்து, காய்ந்த தூரிகையால் தட்டி, பக்கங்களை விரித்துக் காற்றாடியில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் போட்டால் தாள் மொறமொறவென்று ஆகிவிடும். இராமபாணப் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த தாளில் நீராகப் படிந்துவிடும். புதுப் புத்தகத்துக்கும் ஒரு வேலை உண்டு. முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்திப் படிய வையுங்கள். பசைக்கட்டு விரியாமல் பழகும். கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டிய புத்தகத்தில் மனம் தங்காது.

இனி மகன். தோட்டங்களில் படிப்பு பல வருஷம் காதால் நடந்த காரியம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனையும் 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசையும் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஞாயிறு பதிப்புகளில் வந்த கதைகள் அப்படித்தான் எழுத்தறியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. அதே வழியைப் பையனுக்கும் பிடியுங்கள். பத்து வயது பெரிய வயது, தானே படிக்கட்டும் என்று விடாதீர்கள். அவன் கண் இன்னும் எழுத்தைக் கூட்டுவதிலேயே உழைத்துக்கொண்டிருக்கும், கதைக்கு மிச்சம் கொஞ்சம்தான். நீங்கள் உரக்கப் படித்தால் அந்த உழைப்பு உங்களுடையது, கதை முழுவதும் அவனுக்கு. பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் கேட்க வையுங்கள்.

தூங்குவதற்கு முன் இருபது நிமிடம், நடுத்தர வேகத்தில், பேச்சு வரும் இடத்தில் ஆளுக்கேற்பக் குரலைக் கொஞ்சம் மாற்றி. நாடகம் போடத் தேவையில்லை. நடுவில் "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்" என்று நிறுத்தக் கூடாது. முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்றும் கேட்கக் கூடாது. பள்ளியில் நிலாம் என்ற வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்காகத் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு வேறு சின்னப் புத்தகங்களை வைத்துக்கொள்ளட்டும், இரவுக் கதையைப் பதிவேட்டில் சேர்க்காதீர்கள். எழுத வேண்டியிருக்கிறது என்று தெரிந்தாலே பிள்ளை கதையை வெளியிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடும்.

நிறுத்துவது இங்கேயும் காட்சியின் நடுவில்தான். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் சொல்லாமல் புத்தகத்தை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் அவனே முன்னால் போய்ப் படித்துவிட்டால் கோபிக்காதீர்கள், அவன் படித்த இடத்திலிருந்தே தொடருங்கள். படக்கதை வேண்டும் என்றால் படக்கதை, பேய்க்கதை என்றால் பேய்க்கதை. மூன்று இரவுக்குப் பிறகும் அவன் "அப்புறம்?" என்று கேட்கவில்லை என்றால் புத்தகம் சரியில்லை, அடுத்ததை எடுங்கள்.